கடலுக்கு ஒரு ஆயில், ரோட்டுக்கு ஒரு ஆயில்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் சேம்பர் என்று தனியாகக் கிடையாது. பெட்ரோலோடு போகிற ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றிவிட்டு, கடைசியில் தானும் எரிந்து போகும். தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்த காலத்தில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. அதனால்தான் பழைய மாணவர்கள் இன்னும் போன் செய்கிறார்கள்.

போன மாதம் பேசியவன் உவரிக்காரன். ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின். சாமான் வாங்க வண்ணார்பேட்டைக்கு வந்தவன், கடையில் நின்றபடியே கேட்டான்.

"சார், பைக் ஆயில்லயே உசத்தியானது, புல் சிந்தெடிக்னு ஒண்ணு காட்டுதாங்க. விலை ரெண்டு மடங்கு. போன வருசம் பிஸ்டன் பிடிச்சு கடன் வாங்கித்தான் சரி பண்ணினேன். இதையே வாங்கிரட்டுமா?"

"டப்பாவில் என்ன தரம் போட்டிருக்கு, அதைப் படிடே" என்றேன். ஜாசோ எஃப்.டி. என்று இருந்தது. அது நல்ல ஆயில்தான். ஆனால் காற்றில் குளிரும் வண்டி எஞ்சினுக்கு உரியது.

வண்டி எஞ்சின் அதிகம் சூடாகும். அந்தச் சூட்டில் கரி பிடிக்காமல் இருக்க, அதன் ஆயிலில் உலோகம் கலந்த சுத்திகரிப்புப் பொருள் சேர்ப்பார்கள். எரிந்த பிறகு அது கொஞ்சம் சாம்பலை விடும். அவுட்போர்டு எஞ்சினைக் கடல் தண்ணீரே குளிர்விக்கிறது. மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் முழு பாரத்தோடு ஓடும். அங்கே சாம்பல் படிந்தால் பிளக் அடைக்கும். படிவு கனன்று, நேரத்துக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் ஓட்டைகூட விழலாம். அதனால் சாம்பல் இல்லாத ஆயிலுக்கு அமெரிக்கப் படகுத் தொழில் சங்கம் வைத்திருக்கும் தரம்தான் டி.சி.-டபிள்யூ.3. அதில் 'டபிள்யூ' தண்ணீரைக் குறிக்கும்.

சிந்தெடிக் என்பது ஆயிலை எதிலிருந்து செய்தார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, எந்த எஞ்சினுக்கு என்று சொல்லாது. புகை குறையும், கரி குறையும், உண்மைதான். ஆனாலும் படகுக்கு விலை கூடின பைக் சிந்தெடிக்கைவிட, சாதாரண டி.சி.-டபிள்யூ.3 எவ்வளவோ மேல். காசு இருந்தால் அதே தரத்தில் சிந்தெடிக் வாங்கலாம்.

சிந்தெடிக் என்பதற்காக அளவைக் குறைக்கவும் கூடாது. 50:1 என்று எஞ்சின் புத்தகம் சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கும், புது எஞ்சினை ஓட்டிப் பழக்கும் நாட்களுக்கும் அளவு வேறு. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம். கரை மறைந்த பிறகு படகு நின்றால் யார் தள்ளுவது?

அவன் சாதாரண டி.சி.-டபிள்யூ.3 வாங்கினான். மிச்சக் காசுக்கு ரெண்டு ஸ்பார்க் பிளக் வாங்கிப் படகில் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

உங்கள் வீட்டில் பழைய டி.வி.எஸ். 50 இன்னும் ஓடுகிறதா? அதற்கு இந்தப் படகு ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். அந்தச் சூட்டுக்கு இது தாங்காது. அதற்கு ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. பார்த்து வாங்குங்கள்.