கணினி சொல்லும் அமுக்கம்

கல்லூரியிலே பிரயோக கணிதம் பயின்றோர் எவரும் எறியங்கள் என்னும் அத்தியாயத்தை மறந்திரார். குறித்த வேகத்தோடும் சாய்வோடும் எறியப்பட்ட துணிக்கை எங்கே விழும் என்பதே அங்கு வினா. வளியின் தடையைப் புறக்கணிக்க என்றொரு வசனமும் தவறாது வரும். அவ்வேகம் எங்ஙனம் பிறந்தது என வினாத்தாள் கூறியதுமில்லை, நாம் கேட்டதுமில்லை. ஆசிரியப் பணியினின்றும் ஓய்வுபெற்று, மகனோடு வாழ ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்துக்குச் சென்றபோதே அது நம் முன் வந்து நின்றது.

எம் அயலவர் ஒருவர் எல்க் எனப்படும் பெருமானை வேட்டையாடுபவர். தமது றைபிளுக்கு வேண்டிய ரவைகளைத் தாமே ஆக்கிக்கொள்பவர். சுட்டு வெறுமையான பித்தளைக் கோதின் அடியிலே புதுக் கேப்பு ஒன்றைப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்து இட்டு, வாயிலே சன்னத்தைப் பதிப்பது அத்தொழில். நிறுக்கும் அலகு கிறெயின். ஓர் இறாத்தலுக்கு 7000 கிறெயின். அந்நாட்டிலே இது பலர்க்கு ஒரு பொழுதுபோக்கு. நமக்கோ துவக்கு என்னுஞ் சொல்லே 2009 வரை நம்மவர் பட்டதை நினைவூட்டுவது. ஆதலின் அவருடைய மேசையருகே செல்ல மனம் ஒப்பவில்லை. கணிதம் கற்பித்தவர் நாம் எனக் கேள்வியுற்று, தமது கணினிக் கணிப்பைப் பார்வையிடுமாறு அவரே அழைத்தார். கணிதத்தின் பெயரால் வந்த அழைப்பை மறுப்பதெங்ஙனம்?

அவரிடம் இருந்தது குவிக்லோட் என்னும் ஜேர்மானிய மென்பொருள். கோதின் உட்கனவளவு, சன்னத்தின் நிறை, அது கோதினுள் இறங்கியிருக்கும் ஆழம், குழலின் நீளம், மருந்தின் வகையும் நிறையும் ஆகியவற்றைக் கொடுத்தால், குழலினுள் எழும் உச்ச அமுக்கத்தையும் சன்னம் வெளிப்படும் வேகத்தையும் அது கணித்துக் காட்டும். உள்ளே நிகழ்வது ஓர் ஓட்டப்பந்தயம். மருந்து எரிய அமுக்கம் கூடுகின்றது; அமுக்கம் கூட மருந்து இன்னும் விரைந்து எரிகின்றது; அதற்கிடையிற் சன்னம் முன்னேறி வாயுவுக்கு இடம் அளிக்கின்றது. ஆகவே மருந்தைச் சிறிது கூட்டினால் அமுக்கம் அவ்விகிதத்துக்கு மேலாகவே ஏறும். 1906இல் அமெரிக்கச் சேனை ஏற்றுக்கொண்ட 30-06 என்னும் ரவைக்கு அங்குள்ள தொழிற்றுறை வகுத்த எல்லை, சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல். வளிமண்டல அமுக்கத்தின் ஏறக்குறைய நாலாயிரம் மடங்கு! இதனைத் தாங்கும் உருக்கு, சுடுவோன் கண்ணுக்குச் சில அங்குலத் தூரத்திலேயே இருக்கின்றது.

பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1742இல் வெளியிட்ட நூலிலே, ஊசலொன்றின்மீது சன்னத்தை மோதவிட்டு அதன் வேகத்தை அறியும் முறையை விளக்கினார். உந்தக் காப்பு விதிக்கு நாம் வகுப்பிலே எடுத்துக்காட்டிய அதே ஊசல்தான். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினியும் பீரங்கி அட்டவணைகளைக் கணிப்பதற்கென்றே கட்டப்பட்டது. இன்று வேகத்தை அளக்கும் கருவியை எவரும் வாங்கலாம். அமுக்கத்தை நேரே அளக்கும் வசதியோ வீட்டில் ஆக்குவோர் பெரும்பாலோரிடம் இல்லை. அவ்விடத்தைக் கணினியின் இலக்கம் நிரப்புகின்றது. அபாயமும் அங்கேதான் புகுகின்றது.

திரையிலே அமுக்கம் கடைசி இலக்கம் வரை தோன்றியது. பரிசோதனைப் புத்தகத்தில் மாணவன் ஒருவன் இங்ஙனம் எழுதியிருந்தால் சிவப்பு மையாற் கோடிட்டிருப்போம். கோதின் கனவளவை எவ்வாறு பெற்றீர் என்று கேட்டோம். மென்பொருளின் பட்டியலில் இருந்ததையே ஏற்றதாகக் கூறினார். மேசையில் இருந்தவையோ படையினர்க்கென ஆக்கப்பட்ட, சுவர் தடித்த கோதுகள். உடனே ஒன்றை எடுத்தார். நீர் ஒழுகாதவாறு பழைய கேப்பை அதன் அடியிலேயே விட்டு, வெறுங்கோதை நிறுத்து, விளிம்புவரை நீர் நிரப்பி மீண்டும் நிறுத்தார். அடர்த்திப் போத்தலைக் கையாண்டோர்க்கு இது புதிதன்று. பட்டியல் கூறியதிலும் சில கிறெயின் குறைந்த நீரே கொண்டது. அவ்வெண்ணை இட்டதும், எல்லைக்குள் நின்ற அமுக்கம் எல்லையைத் தாண்டிவிட்டது. மருந்தில் ஒரு துணிக்கையும் கூடவில்லை. மாறியது இடம் ஒன்றே.

மருந்து உற்பத்தியாளர் அமுக்கமானியாற் சோதித்து வெளியிடும் கைந்நூல் ஒன்று அவரிடம் இருந்தது. அதுவும் கணினியும் மாறுபட்டால் எது குறைவோ அதனையே உச்சமாகக் கொள்ளுமாறு சொன்னோம். தொடக்கம் அந்நூல் குறித்த நிறையிலிருந்து. பெரும்பாலும் அது உச்சத்திற் பத்திலொரு பங்கு குறைவாகவே இருக்கும். நூல் குறித்ததற்குக் கீழே இறங்குவதும் காவலன்று. சில மருந்துகளை மிகக் குறைத்து இடுவதே ஆபத்து. பின்னர்ச் சிறிது சிறிதாக ஏறி, ஒவ்வொரு படியிலும் வேகத்தை அளத்தல் வேண்டும். கணித்ததிலும் வேகம் மிகுமாயின் அமுக்கமும் மிகுந்திருத்தல் கூடும். அங்கேயே நிற்றல் நன்று. மேசையில் ஒரே மருந்துப் போத்தலை வைக்கும் வழக்கம் அவரிடம் முன்னரே இருந்தது. தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் மருந்துகள் எரிவேகத்திற் பெரிதும் வேறுபடுவன.

தடித்த கோதுகளை அவர் வேறொரு தகரப்பேணியிலிட்டு, அதன்மேல் நீரின் நிறையை எழுதி ஒட்டினார். அவ்வாண்டு எல்க் கிடைத்ததோ எனின், இல்லை. பனி பிந்தியே பெய்தது; மான்கள் மலையினின்றும் இறங்கவில்லை.