சுவிட்சாகத்தான் இருக்க வேண்டும்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரே வேண்டுதல்தான். பழுது எஞ்சினில் இருக்கக்கூடாது, பழுதைச் சொல்கிற சாமானில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிரஷர் கூடக் காட்டினால் "மெஷின் பிழை போல கிடக்கு" என்று நேர்ஸுக்கே சொல்கிற கூட்டம் நாங்கள்.

என்னுடையது 1992இல் செய்த ரொயோட்டா கொரோலா, சீஈ 100. உள்ளே 2சி எஞ்சின், 1974 சிசி. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன்பிறகு முப்பது வயதுக் கார்களுக்கும் வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். 2022இல் டீசல் லீற்றர் 460 ரூபாயானது. கியூஆர் இல்லாமல் பம்பைத் தொட முடியாத நாட்களும் வந்தன. அப்போதும் இதை விற்கவில்லை. பாசம் என்று சொன்னால் பொய். இதை விற்றுவிட்டு இன்னொன்றை வாங்கக் காசில்லை, அவ்வளவுதான்.

வவுனியாவில் அலுவல் முடித்துத் திரும்பும் வழியில், ஏ9இல் போகிற எவரையும் போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தினேன். எஞ்சினை ஓடவிட்டபடியே கச்சான் வாங்கிக்கொண்டு வந்து ஏறினால், டாஷ்போர்ட்டில் ஒயில் லைற் சிவப்பாக மினுங்குகிறது. அக்சிலேட்டரை மெல்ல மிதித்தால் அணைகிறது, காலை எடுத்தால் திரும்பவும் மினுக்கம். திறப்பைத் திருப்பி நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஒயில் மேல் கோட்டில் நின்றது. வேறு சில லைற்றுகள் எரிந்தால் வீடுவரை ஓட்டிப் பார்க்கலாம். இது எரிந்தால் ஓட்டக்கூடாது. கிராங்கும் அதன் பெயாரிங்குகளும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ஒயில் படலம் ஒன்றுதான் தாங்குகிறது. அழுத்தம் போனால் படலம் போகும், படலம் போனால் எஞ்சின் போகும். தெரிந்த பொடியன் ஒருவனின் பிக்கப்பில் கயிறு கட்டி கிளிநொச்சிக்கு இழுத்து வந்தோம்.

கராஜ் தம்பி பொனற்றைத் திறந்து ஒயில் அழுத்தச் சுவிட்சின் ஒற்றை வயரை உருவினான். லைற் அணைந்தது.

"சுவிட்ச் போயிட்டுது அண்ணை. புதுசு ஒண்டு போட்டாச் சரி."

அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவன் செய்த சோதனை எதையும் நிரூபிக்காது என்பது எனக்குத் தெரியும். இந்தச் சுவிட்சின் வேலை மிக எளியது. எஞ்சின் நிற்கும்போது உள்ளே இரண்டு முனைகளும் தொட்டிருக்கும்; மின்சாரம் வயரால் வந்து பிளாக்குக்குள் இறங்கும்; லைற் எரியும். ஒயில் அழுத்தம் ஏறத்தாழ 0.3 பாரைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் சவ்வு முனைகளைப் பிரிக்கும், லைற் அணையும். வயரை உருவினால் சுவிட்ச் பழுதென்றாலும் அணையும், அழுத்தமே இல்லையென்றாலும் அணையும். வயர் எங்காவது உரசி கார் பொடியைத் தொடவில்லை என்பதை மட்டும்தான் அந்தச் சோதனை சொல்லும். இவ்வளவும் தெரிந்த நான் தலையாட்டினேன். அவன் சொன்னது என் வேண்டுதலோடு ஒத்துப்போனது.

அங்கே நின்ற என் சித்தப்பாதான் குறுக்கே வந்தார். பரந்தன் முல்லைத்தீவு றோட்டில், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று லொறி ஓட்டிய ஆள். 1990க்குப் பிறகு எரிபொருளுக்கும் பற்றரிக்கும் உதிரிப்பாகத்துக்கும் தடை இருந்த வன்னியில் பெற்றோல் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. பழைய லொறி டீசல் எஞ்சினைத் தள்ளிப் பிடிக்கவைத்துவிட்டால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. பற்றரி இல்லாமலே ஓடும். பற்றரி இல்லாத லொறியில் எந்த லைற் எரியப் போகிறது? ஆகவே காதுதான் மீற்றர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "ரப்பெற் சத்தமிருக்கு, அடியில தட்டு இல்லை," என்றார் அன்றும்.

சித்தப்பாவின் காது மேல் எனக்குப் பொறாமை உண்டு, முழு நம்பிக்கை இல்லை. காதுக்கு ஒரு குறை. பெயாரிங் தட்டுகிற சத்தம் கேட்கும்போது பெயாரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அந்தக் காலத்தில் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கவில்லை, அதனால் காதை நம்பினார்கள். இன்றைக்கு வழியிருக்கும்போது காதை மட்டும் நம்புவது பழைய பெருமைக்காகச் செய்கிற வேலை. இதை அவர் முன்னால் சொல்ல மாட்டேன்.

"கேஜ் போட்டுப் பாப்பம் தம்பி," என்றேன். கராஜில் கேஜ் இல்லை. கொம்ப்ரஷன் பார்க்கிறது இருக்கிறது, ஒயில் அழுத்தம் பார்க்கிறது இல்லை. வட்டக்கச்சியில் உழவு மெஷின் திருத்துகிற ஐயா ஒருவரிடம் இருந்தது. பித்தளைக் குழாயும் வட்ட முகமும் கொண்ட பழைய சாமான், அதோடு டப்பா நிறைய நிப்பிள்கள். அதை எடுத்துக்கொண்டு அவரே கராஜுக்கு வந்தார். உழவு மெஷின்காரர் இதை வைத்திருப்பதில் நியாயமிருக்கிறது. காரை வீதியோரம் நிறுத்தலாம். விதைப்பு நேரத்தில் வயலின் நடுவில் எஞ்சின் இறுகினால் அந்தப் போகமே போய்விடும்.

சுவிட்சைக் கழற்ற ரொயோட்டாவுக்கு 24 மில்லி நீள சொக்கற் வேண்டும். சாதாரண சொக்கற் முனையைத் தட்டி உடைத்துவிடும். ஒயிலை வடிக்கத் தேவையில்லை. கொஞ்சம் கசியும், அடியில் சாக்குத் துண்டு போதும். வெளியே வந்த சுவிட்சின் வயர் குத்தும் இடத்தில் கறுப்பாக ஒயில் ஊறியிருந்தது. சவ்வு கிழிந்து, ஒயில் மின்முனைப் பக்கம் ஏறி, வயருக்குள்ளும் போயிருந்தது. அங்கேயே "பாத்தியளோ" என்று தம்பி என்னைப் பார்த்தான். கிழிந்த சவ்வு கண்ணுக்குத் தெரிகிற சாட்சி. பெரும்பாலான கராஜ்களில் விசாரணை இத்தோடு முடியும்.

அந்த ஓட்டையில் கேஜைப் பூட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பிறகு பார்த்தோம். குளிர்ந்த எஞ்சினில் ஒயில் தடிப்பாக இருக்கும், எந்தக் கிழட்டு எஞ்சினும் நல்ல அழுத்தம் காட்டும். ரொயோட்டாவின் பழைய கையேடுகள் கேட்பது, சூட்டில் ஐட்லிங்கில் 0.3க்குக் குறையாமலும் 3000 சுற்றில் 2.5க்குக் குறையாமலும். என் காரில் சுற்று மீற்றர் கிடையாது. 3000 எங்கே என்று யார் சொல்வது? சித்தப்பா கையை உயர்த்தி, "இப்ப பிடி," என்றார். அந்தக் காதை வைத்துத்தான் கேஜைப் படித்தோம்.

ஐட்லிங்கில் முள் 0.6க்குப் பக்கத்தில் நின்றது. 3000இல் 2.6. பாஸ்தான், ஆனால் மட்டுமட்டாக. லைற் பொய் சொல்லியிருக்கிறது, எஞ்சினும் சுத்தமான ஆளில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதை என் வேண்டுதல் கணக்கில் எடுக்கவில்லை. கிழிந்த சவ்வைப் பார்த்ததோடு நின்றிருந்தால் இரண்டாவது உண்மை எனக்குத் தெரிந்தே இராது.

1979 மார்ச் 28ஆம் தேதி அமெரிக்காவில் திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்தது இதன் பெரிய வடிவம். குளிர்விக்கும் தண்ணீரை வெளியேற்றும் வால்வு ஒன்று திறந்தபடியே இறுகிவிட்டது. கட்டுப்பாட்டு அறை லைற்றோ வால்வு மூடிவிட்டது போலக் காட்டியது. அந்த லைற் இணைக்கப்பட்டிருந்தது வால்வோடு அல்ல, 'மூடு' என்று போகிற மின் கட்டளையோடு. கட்டளை போனது, வால்வு மூடவில்லை. உலையின் மையப்பகுதி பாதியளவு உருகியது. அங்கிருந்தவர்கள் முட்டாள்களில்லை. லைற் எதை அறியும், எதை அறியாது என்ற கேள்வி அந்த அவசரத்தில் கேட்கப்படவில்லை.

என் காரின் லைற் அறிவது 0.3 என்ற ஒரே ஒரு கோட்டை மட்டும். ஏ9இல் 3000 சுற்றில் ஓடும்போது 2.5 இருக்க வேண்டிய அழுத்தம் 1க்கு விழுந்தாலும் அது வாய் திறக்காது. அணைந்த லைற் நல்ல செய்தி அல்ல, கெட்ட செய்தி இன்னும் வரவில்லை என்பது மட்டுமே. மற்றப் பக்கம், பொய்யாக எரிகிற லைற் வேறுவிதமாகக் கெடுக்கும்: 'அது அப்பிடித்தான்' என்று பழகிவிடுவோம், உண்மையாக எரியும் நாளிலும் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவோம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. ஒயில் லைற் வயரைச் சார்ஜிங் லைற் வயரோடு சேர்த்துக் கட்டி விற்கிற கெட்டித்தனம் உண்டு. திறப்பைப் போட்டால் இரண்டும் எரியும், எஞ்சின் பிடித்தால் இரண்டும் ஒன்றாக அணையும், பார்க்கிறவருக்குத் திருப்தி. திறப்பைப் போட்டுவிட்டு, எஞ்சினைப் பிடிக்காமல், சுவிட்சின் வயரைக் கழற்றிப் பாருங்கள். லைற் அணைய வேண்டும். அணையாவிட்டால் அடுத்த காரைப் பாருங்கள்.

புதுச் சுவிட்ச் வாங்குவது தனிக் கதை. இங்கே கடையில் கிடைத்த ஒன்று பார்வைக்கு அச்சொட்டு அதே மாதிரி. இரண்டு சுற்றுப் போனதும் இறுகியது. தம்பி ஸ்பனரை நீட்டினான், ஐயா அவன் கையைப் பிடித்துவிட்டார். யப்பான் கார்களின் புரி அங்குலத்துக்கு 28, அமெரிக்க முறைப் புரி 27. இரண்டையும் எட்டில் ஒன்று என்றே சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு புரி வித்தியாசத்தைப் பலத்தால் தீர்த்தால் பிளாக்கின் புரி போகும். சரியானது பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. கொழும்பில் இருக்கும் மச்சான் வாங்கி இரவு பஸ்ஸில் கொடுத்துவிட, விடியற்காலை டிப்போ சந்தியில் நின்று எடுத்தேன்.

பைப்புக்குச் சுற்றும் வெள்ளை ரேப்பைத் தம்பி எடுத்தான். அதையும் ஐயா விடவில்லை. இந்தச் சுவிட்சுக்குத் திரும்பும் வயர் கிடையாது, பிளாக்கைத் தொடும் புரிதான் அதன் எர்த். தடிப்பாக ரேப் சுற்றினால் அந்தத் தொடுகை கெடலாம்; லைற் எப்போதுமே எரியாது, நாமும் எல்லாம் சரியென்று இருப்போம். பிய்ந்த துண்டு ஒயில் வழிக்குள் போனால் அது வேறு தலையிடி. முதல் இரண்டு புரியை விட்டு மெல்லிய சீலன்ற் பூசி, கையால் இறுக்கி, பிறகு ஸ்பனரால் கொஞ்சம். ஒயில் ஊறிய வயர் நுனியையும் வெட்டிப் புதிதாகக் குத்தினோம்.

லைற் இப்போது திறப்பைப் போட்டால் எரிகிறது, எஞ்சின் பிடித்ததும் அணைகிறது. அதோடு ரீ நிப்பிள் ஒன்று போட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே சின்ன கேஜும் பூட்டினேன். தடித்த 20டபிள்யூ50 ஒயில் விட்டால் முள் கொஞ்சம் ஏறும் என்றான் தம்பி. ஏறும்தான், பெயாரிங்கின் இடைவெளி குறையாது. 15டபிள்யூ40ஐயே விட்டேன். எஞ்சினைக் கீழே இறக்கிப் பெயாரிங்கும் ஒயில் பம்பும் பார்க்க எவ்வளவு முடியும் என்று ஐயாவைக் கேட்டேன். சொன்ன தொகையைக் கேட்டு நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, "பெரும்போகம் வெட்டி முடிய வாரும், அதுவரைக்கும் முள்ளைப் பாத்து ஓடும். ஐட்லிங்கில அரைக்குக் கீழ போனா ஓடிக்கொண்டு வர வேண்டாம், கட்டி இழுத்துக்கொண்டு வாரும்," என்றார்.