மூன்றாம் வரிசைக்கு எவ்வளவு?

வார் ரோபோட்ஸ் ஆடுகிறவர்களிடம் எந்த ஹெவி ரோபோ சிறந்தது என்று கேட்டால் பதில் ஒரு எண்ணாகத்தான் வரும். எவ்வளவு அடிக்கும், எவ்வளவு தாங்கும். அந்த எண்ணை வைத்து அரை மணி நேரம் சண்டை போடலாம். நானும் சித்தப்பா மகனும் இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அவன் ஃப்யூரி கட்சி, நான் லியோ கட்சி.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம். 2014இல் ஐபோனுக்கும், அடுத்த வருடம் ஆண்ட்ராய்டுக்கும் வந்த விளையாட்டு இது. ஆறு பேருக்கு எதிராக ஆறு பேர். ஒரு ஆட்டம் போனால் பத்து நிமிஷம். மைதானத்தில் பீக்கன் என்று சில இடங்கள் இருக்கும், அவற்றை அதிகம் பிடித்து வைத்திருக்கும் அணி ஜெயிக்கும். எதிரணியின் எல்லா ரோபோவையும் நொறுக்கினாலும் ஜெயம்தான். லைட், மீடியம், ஹெவி என்று மூன்று எடைகள். இது குத்துச்சண்டை வளர்ந்த ஊர். இங்கே எடைப் பிரிவு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கோதாவில் ஹெவிவெயிட்காரன் லைட்வெயிட்காரனை அடிக்க முடியாது. இந்த விளையாட்டில் மூன்று எடையும் ஒரே மைதானத்தில் இறங்கும். அதனால்தான் ஒப்பீடு இவ்வளவு வம்பாகிறது.

பழைய ஹெவிகளில் மூன்றை எடுத்துக்கொள்வோம். ஃப்யூரிக்கு மூன்று கனரக ஆயுதம் மாட்டலாம், வேறொன்றும் கிடையாது. நடாஷாவுக்கு இரண்டு கனரகம், இரண்டு இலகு. லியோவுக்குக் கனரகம் ஒன்றுதான், கூட மூன்று இலகு. ஆனால் மூன்றிலும் தடித்த உடம்பு அதற்குத்தான். தம்பி ஃப்யூரியில் மூன்று ட்ரெபுஷே மாட்டுவான். 1,100 மீட்டர் தள்ளி ஒரு கட்டடத்து ஓரத்தில் நின்றுகொண்டு, சார்ஜ் ஏறும்வரை காத்திருந்து சுடுவான். திரையில் விழும் எண்ணைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் லியோவில் தண்டர் மாட்டிக்கொண்டு சந்துக்குள் போவேன். தண்டரின் எல்லை 500 மீட்டர் என்று போட்டிருக்கும், அதை நம்பக்கூடாது. குண்டு சிதறிப் போகிற துப்பாக்கி அது. எதிராளியின் மூக்குக்கு எதிரே நின்று சுட்டால்தான் முழு அடி.

“மூணு பெரிய துப்பாக்கிண்ணா. மூணு ஒண்ணைவிடப் பெருசா இல்லியா?” என்பான் தம்பி.

“ஒரு கோசாக் தாவிக் குதிச்சுப் பக்கத்துல வந்துட்டா உன் மூணும் தண்டம்டா” என்பேன் நான்.

இந்த வழக்கில் சித்தப்பா தலையிட்டது எதிர்பாராதது. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினேழு வருடம் ரீச் ஸ்டேக்கர் ஓட்டியவர். இடுப்பு போனதும் 2022இல் நின்றுவிட்டார். கட்டிலில் சாய்ந்தபடி எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பக்கத்துல எவ்ளோ, எட்டிப் போனா எவ்ளோ? அதச் சொல்லுங்கபா மொதல்ல.”

ரீச் ஸ்டேக்கரைப் பார்க்காத வடசென்னைக்காரர் குறைவு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது யார்டு மதிலுக்கு மேலே ஒரு மஞ்சள் கை நீண்டு, கன்டெய்னரைத் தலையில் பிடித்துத் தூக்குவது தெரியும். அதுதான். பரவலாகப் புழங்கும் மாடலை 45 டன் வண்டி என்பார்கள். ஆனால் 45 என்பது முதல் வரிசைக்கு மட்டும். முன்னால் ஒரு வரிசை கன்டெய்னர் இருக்க, அதைத் தாண்டிக் கையை நீட்டி இரண்டாவது வரிசையில் எடுத்தால் முப்பது சொச்சம். மூன்றாவது வரிசைக்கு நீட்டினால் பதினைந்து, பதினாறுதான். முழுசாக ஏற்றிய நாற்பதடிப் பெட்டி முப்பது டன் வரும். ஆக, முதல் வரிசையில் அலட்சியமாகத் தூக்கிய அதே பெட்டியை மூன்றாவது வரிசையில் தொடவே கூடாது. இதைப் படம் போட்டு கேபினுக்குள் ஒட்டியிருப்பார்கள். லோடு சார்ட். சித்தப்பாவுக்கு அது மனப்பாடம்.

“நாப்பத்தஞ்சு டன் வண்டின்னு எவனாவது சொன்னா அவன் ஓட்டுனதே இல்லன்னு அர்த்தம்” என்றார்.

வார் ரோபோட்ஸ் பற்றி நான் படித்த ஒப்பீடுகளில் பாதிக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். ஃப்யூரிக்கும் லியோவுக்கும் தனித்தனியாக லோடு சார்ட் உண்டு, யாரும் அதை ஒட்டி வைக்கவில்லை, அவ்வளவுதான். 1,100 மீட்டரில் ஃப்யூரி ராஜா. 200 மீட்டரில் அது மெதுவாகத் திரும்பும் ஒரு கொட்டகை. லியோ நேர் எதிர்.

இன்னொன்றும் அவரிடமிருந்துதான் தெரிந்தது. அந்த வண்டி பெட்டி இல்லாமலே சுமார் 70 டன். தூக்குவதைவிட வண்டி கனம். ஏன் என்று கேட்டேன். “விழாம நிக்கத்தான். தூக்குறது ஆயிலோட வேல. வெயிட்டு பின்னாடி ஒக்காந்து புடிச்சுக்கினு இருக்கும்” என்றார். முன்னால் தொங்கும் சுமை வண்டியைக் குப்புறக் கவிழ்க்கப் பார்க்கும், பின்னால் இருக்கும் இரும்பு அதை இழுத்துப் பிடிக்கும். கை நீள நீளச் சுமையின் கவிழ்க்கும் பலம் கூடும். லோடு சார்ட்டில் எண் குறைவதற்கு அதுதான் காரணம். எஞ்சினியரிங் முதல் வருடத்தில் மொமென்ட் என்று பரீட்சைக்காகப் படித்தேன். திருவொற்றியூரில் ஒரு கட்டிலருகே உட்கார்ந்தபோதுதான் அதற்கு உடம்பு வந்தது.

விளையாட்டுகளில் எடை என்பது வேறு கணக்கு. 1984இல் அமெரிக்காவில் பேட்டில்டெக் என்ற பலகை விளையாட்டு வந்தது. இன்றைய ரோபோச் சண்டை விளையாட்டுகள் பலவற்றுக்கு அது மூதாதை. அதில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் டன் கணக்கு உண்டு. எஞ்சின், கவசம், துப்பாக்கி எல்லாம் அந்த டன்னுக்குள் அடங்க வேண்டும். மளிகைக்கடை பட்ஜெட் மாதிரி. 60 முதல் 75 டன் வரை ஹெவி. அந்தப்படி பார்த்தால் சித்தப்பா பதினேழு வருடம் ஓட்டியது ஒரு அசல் ஹெவி. இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “அதுல ஒக்காந்தா இடுப்பு வலிக்குமா?” என்றார்.

வலிக்காது. வார் ரோபோட்ஸில் எந்த ரோபோவும் கவிழாது, அதன் காலடியில் தரை இறங்காது. யார்டில் இறங்கும். 2021 நவம்பர் மழை முடிந்த வாரம் இரண்டாவது வரிசையில் ஒரு பெட்டியை எடுத்திருக்கிறார். திரையில் எல்லாம் பச்சை, அலாரம் எதுவும் அடிக்கவில்லை. ஆனால் இடது பக்கம் இருக்கை ஒரு விரல்கடை தாழ்ந்த மாதிரி இருந்திருக்கிறது. பெட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்துப் பார்த்தால், முன் சக்கரம் நின்ற இடத்தில் தளம் உள்வாங்கித் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இரண்டு மணி நேரம் வேலை நின்றது. அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சூப்பர்வைசர் அவருக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார். சித்தி இதை இன்றும் நேற்று நடந்தது மாதிரி சொல்வாள். சித்தப்பா அந்தச் சக்கரத் தடத்தைப் பற்றித்தான் சொல்வார்.

நான் கிடங்குகளுக்கான மென்பொருள் எழுதுகிறவன். சென்சார் அனுப்பும் எண் எல்லை தாண்டினால் சிவப்பு விளக்கு எரிய வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. அந்த வண்டியின் சென்சாரும் பொய் சொல்லவில்லை. கையின் நீளம், கோணம், ஆயில் அழுத்தம் மூன்றையும் பார்த்துக் கணக்குப் போட்டு, சரி என்றது. தரையைப் பற்றி அதை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கும் பச்சை விளக்குதான் எரியும்.

இந்தப் பேச்சு விளையாட்டோடு நிற்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு. தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தில், 2025 மே மாதம் பிரதமர் திறந்து வைத்தாரே, அங்கே யார்டு கிரேன்களுக்குள் ஆள் உட்காருவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் திரை முன்னால் உட்கார்ந்து இயக்குகிறார்கள். பக்கத்து ஊர்ப் பெண்களும் அந்த வேலையில் இருக்கிறார்கள். அந்த வீடியோவைத் தம்பி எத்தனை முறை பார்த்தான் என்று கணக்கில்லை. அந்த மாதிரி வேலைக்கு ஒரு பயிற்சி நிலையத்தில் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறான். கட்டணம் கொஞ்சநஞ்சமில்லை. சித்தப்பா கையில் இருக்கும் செட்டில்மென்ட் பணத்தில் பாதியைத் தின்றுவிடும்.

“ஜாய்ஸ்டிக்தான நைனா. எனக்கு வராதா?”

“ஒக்கார்ற எடத்துல ஆட்டம் தெரியலன்னா இன்னாத்த ஓட்டுவ?”

“ஆட்டம் தெரிஞ்சுதான் உன் இடுப்பு போச்சு.”

இதற்குச் சித்தப்பா பதில் சொல்லவில்லை. வெளியே டிரெய்லர் ஒன்று போனது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

என்னைக் கேட்டால், தம்பி போகட்டும் என்பேன். அந்த ஒரு விரல்கடைத் தாழ்வை உணர்ந்த உடம்பு பெரியதுதான். ஆனால் அந்த உணர்வுக்கு விலையாக ஒரு முதுகெலும்பைக் கேட்கிற வேலையை இன்னொரு தலைமுறைக்குக் கைமாற்றிவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து விசைப்பலகை தட்டுகிறவன் அதைச் சொல்லவே கூடாது.

ஃப்யூரி, லியோ சண்டைகூட இப்போது பழங்கதை. விளையாட்டுக்குள் நான்கு கனரக ஆயுதம் தாங்கும் பெஹெமோத் வந்துவிட்டது. 2019இல் டைட்டன்கள் இறங்கின, ஹெவி என்ற சொல்லே அவற்றின் கால்மாட்டில் சுருங்கிப்போனது. மேல் லீக்குகளில் ஃப்யூரியை எடுத்து வந்தால் சொந்த அணிக்காரனே முறைப்பான். தம்பி மட்டும் அதை விற்காமல் வைத்திருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தானாகவே அந்த விழிஞ்ஞம் வீடியோவைக் காட்டச் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, கிரேனின் காலடியை விரலால் பெரிதாக்கினார்.

“தண்டவாளத்துல ஓடுது. தரை எறங்காது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு பக்கமும் காலு இருக்குது, நம்ம வண்டி மாரி குப்புற சாயாது. சரிதான்” என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான்.

“ஆனா இவ்ளோ ஒசரம் இருக்குதே. காத்து புடிக்குமே. வர்தா வந்தப்ப நாங்க மொதல் நாளே எல்லாத்தையும் எறக்கி வெச்சோம். புயல் வந்தா இத யாரு போய் கட்டுவா? ரூமுல இருக்கறவங்களா, இல்ல அதுக்குன்னு கீழ வேற ஆளு வெச்சிருக்காங்களா?”

“தெரியல நைனா.”

“சேர்றப்ப அத மொதல்ல கேளு.”

தம்பி போனில் நோட்ஸைத் திறந்து எழுதிக்கொண்டான்.