வீட்டகத்துக் கடல்

நெய்தல் என்பது கடலும் கடல் சார்ந்த இடமும் என்று வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொன்னவன் நான். எங்கள் ஊரோ நன்னீர் சூழ்ந்த ஊர். செங்கழுநீர்ப்பட்டு என்பதே மருவிச் செங்கற்பட்டு ஆயிற்று என்பர்; ஊரை ஒட்டிக் கொளவாய் ஏரி பரந்து கிடக்கிறது. கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரத்துக் கடலைக் காணலாம். ஏரி நீருக்கும் கடல்நீருக்கும் உள்ள வேற்றுமை நாவளவில் நிற்பதென்றே பலரும் எண்ணுவர். அவ்வேற்றுமை எத்துணை ஆழமானது என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு சாண் நீளமும் இல்லாத மீன் ஒன்று.

என் இளைய மகன் 2021ஆம் ஆண்டில் அதனைச் சென்னைக் கொளத்தூரில் வாங்கி வந்தான். வண்ணமீன் வாணிகத்திற்குக் கொளத்தூர் பெயர்பெற்ற இடம் என்பதை அறிவீர்கள். அடுத்த ஆண்டு வேலையின் பொருட்டு அவன் பெங்களூருக்குச் சென்றான். மீன் என்னிடம் தங்கிற்று.

அதன் பெயர் குள்ளச் சிங்கமீன். வெண்மையான உடலில் செம்பழுப்பு நிறப் பட்டைகள் குறுக்கே ஓடும். கண்களின் மேல் கொம்பு போன்ற தசை நீட்சிகள் நிற்கும். மார்புத் துடுப்புகள் இரண்டும் விசிறி போல் விரிந்து, முதுகு முட்கள் நிமிர்ந்து, அது நீரில் அசையாது நிற்கும்போது, சாளுவன்குப்பத்துப் புலிக்குகையைச் சுற்றிப் பல்லவச் சிற்பி செதுக்கிய யாளி முகங்களே என் நினைவுக்கு வரும். விலங்கியலார் இவ்வினத்திற்கு இட்ட பேரினப் பெயர் தெண்டிரோக்கைரசு என்பது. கிரேக்க மொழியில் தெண்டிரான் மரம். கைர் என்பது கை. கிளைத்த மரம் போன்ற கையுடையது என்பது பொருள். மார்புத் துடுப்பின் மேற்பகுதி நரம்புகள் கிளைவிட்டிருத்தலின் இப்பெயர் பொருத்தமே. கண்டது காட்டும் பெயரே நல்ல பெயர் என்பது இலக்கணம் கற்றவனின் எண்ணம். சிங்கத்தைக் காட்டிலும் இந்த மரக்கைப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதன் பெரிய உறவினமாகிய சிங்கமீன் நம் கரையோரக் கடலிலும் உண்டு. விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய பாட்ரிக் ரசல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், கோரமண்டல் கரை மீன்கள் இருநூற்றைப் படங்களுடன் விவரித்து 1803இல் நூலாக வெளியிட்டார். அவர் பெயரைத் தாங்கிய சிங்கமீன் இனம் ஒன்று இன்றும் உளது. கண்ணாடி விரியனுக்கும் ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்குகிறது. நஞ்சுள்ள இரண்டு உயிர்களுக்கு ஒரு மருத்துவரின் பெயர் வாய்த்தது வியப்பன்றோ?

ஆம், இம்மீன் நஞ்சுடையது. முதுகில் 13 முட்கள். அடிவயிற்றிலும் வாலை அடுத்தும் வேறு சில. ஒவ்வொரு முள்ளின் இருபுறத்துப் பள்ளங்களிலும் நச்சுத் திசு அமைந்திருக்கும். முள் தைத்தால் அதனைப் போர்த்திய மெல்லிய தோல் பின்னே விலக, நஞ்சு புண்ணில் இறங்கும். வலி கடுமையானது. அந்நஞ்சு புரத வகையைச் சார்ந்தது. வெப்பத்தால் வலிமை இழப்பது. ஆதலின் கை பொறுக்கும் வெந்நீரில், ஏறத்தாழ 45 பாகைச் சூட்டில், புண்பட்ட உறுப்பை அமிழ்த்திக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். எங்கள் வீட்டில் தொட்டிக்குள் எவரும் வெறுங்கையை விடுவதில்லை. மீன் தானாக வந்து குத்துவதில்லை. அதன் முள் காவலுக்கே அன்றி வேட்டைக்கு அன்று.

தொட்டியின் நீளம் 4 அடி; அகலம் ஒன்றரை அடி; உயரம் ஒன்றே கால் அடி. கொள்ளளவு 200 லிட்டருக்குச் சிறிது மிகுதி. அதனுள் மணலும், மீன் ஒளிந்துகொள்ள உடைந்த மண்பானைகளும் இட்டிருக்கிறோம். கடையில் பவளக்கல் தருவதாக ஒருவர் சொன்னார். பவளங்கள் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். குயவர் சக்கரத்தில் பிறந்த பானை ஓடு இம்மீனுக்குப் போதிய குகையாக இருக்கிறது.

இனி நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் இங்கே வளர்க்கப்படுவது நீரே. நீர் நன்றாயின் மீன் தானே வளரும். சமையல் உப்பை நீரிற் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. அவற்றுள் சமையல் உப்பு 27 கிராம் அளவே. எஞ்சியவை மக்னீசியம், சுண்ணாம்பு, கந்தகம், பொட்டாசியம் முதலியவற்றின் உப்புகள். கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்களைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். பாத்தியில் சமையல் உப்பு முதலில் படிந்ததும் அதனை வாரி எடுத்து, மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுவர். அக்கசப்பும் சேர்ந்தால்தான் கடல். நாம் நாவுக்கு ஆகாதென்று கழித்தது மீனுக்கு உயிர்.

ஆகவே மாதம் ஒரு முறை மாமல்லபுரத்துக்குச் சென்று கேன்களில் கடல்நீர் கொண்டுவருகிறேன். அங்கே எனக்கு நீர் தருபவர் ஒரு மீனவ இளைஞர். முதல் நாள் நான் கரையில் நின்று கேனை நிரப்ப முயன்றபோது அவர் தடுத்தார். "ஐயா, கரையோரத்து நீர் கலங்கல். அலை தாண்டிப் போனால் தெளிவு கிடைக்கும், நான் மொண்டு வருகிறேன்" என்றார். கலங்கல், தெளிவு என்னும் இரண்டு சொற்களில் அவர் நீரின் இயல்பைப் பகுத்துவிட்டார். "தெற்கே பாலாற்று முகத்தில் மழைவெள்ளம் இறங்கினால் இங்கே உப்பு இளைத்துவிடும்" என்றும் சொன்னார். மகன் விட்டுச்சென்ற அடர்த்திமானியில் நீரை அளந்து பார்த்தேன். 1.025ஐ ஒட்டி நிற்க வேண்டிய அளவு, ஐப்பசி கார்த்திகையில் 1.020ஐ நோக்கி இறங்குவது கண்டேன். அவருடைய நாவும் கண்ணும் அந்தக் கருவிக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

கோடையில் வேறொரு தொல்லை. வைகாசி வெயிலில் தொட்டி நீர் 30 பாகையைக் கடக்கும். நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியைச் சுழலவிட்டால் நீர் ஆவியாகிச் சூடு தணியும். ஆனால் ஆவியாய்ப் போவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கும். ஆதலின் குறைந்த அளவுக்கு ஈடாக உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். செம்புக் குடமும் பித்தளைச் சொம்பும் தொட்டியின் அருகே வரலாகா. உப்புநீரில் செம்பு கரைந்து கடலுயிர்க்கு நஞ்சாகும். எங்கள் பாட்டி காலத்துப் பாத்திரங்கள் எல்லாம் இவ்வகையில் ஒதுக்கப்பட்டுப் பிளாஸ்டிக் குவளை பெருமை பெற்றுவிட்டது!

மீனின் கழிவு அம்மோனியா; அதுவே மீனைக் கொல்லும். அதனை நைட்ரைட்டாகவும், பின் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவன கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். வடிகட்டியின் துளைகளில் இவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை மீனை விடலாகாது. என் மகன் ஒரு திங்களுக்கு மேல் மீனில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததை அயலார் நகைத்தனர்.

உணவு இறால். பகலெல்லாம் ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மீன், விளக்கு மங்கியதும் வெளிவரும். உயிருள்ள இரையையே அறிந்தது ஆதலின், செத்த இறாலைத் தொடக்கத்தில் ஏறிட்டும் பார்க்கவில்லை. நீண்ட மெல்லிய குச்சியின் நுனியில் இறால் துண்டைச் செருகி, உயிருள்ளது போல நடுங்கச் செய்ய வேண்டும். மகன் சென்ற பிறகு இக்கலையை நான் பயின்றேன். துடுப்புகளை விரித்து இரையை ஒரு மூலைக்கு ஒதுக்கி, அங்குலம் அங்குலமாக நெருங்கும். பிறகு வாய் திறந்ததையும் இறால் மறைந்ததையும் நம் கண் தனித்தனியே காண இயலாது. வாரத்திற்கு மூன்று முறை போதும். வாய்க்குள் அடங்கும் எந்த மீனும் அதற்கு இரையே. ஆதலின் தொட்டியில் அது தனியே வாழ்கிறது.

அத்தனிமையைக் கண்டுதான் என் தங்கை மகன் ஒரு நாள், "மாமா, வயதான காலத்தில் உங்களுக்கு ஏன் இந்தத் தொல்லை? மாமல்லபுரத்துக் கடலிலேயே விட்டுவிடுங்கள். அதற்கும் விடுதலை, உங்களுக்கும் புண்ணியம்" என்றான். நானும் சில நாள் அதனை எண்ணிப் பார்த்தேன். கூண்டுக் கிளியைத் திறந்துவிடுவது அறம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் அட்லாண்டிக் கடலில் நிகழ்ந்தது வேறு. அங்கே சிங்கமீன் இயற்கையில் இல்லை. 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் முதலில் ஒன்று காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளில் வளர்த்தவர்கள் விட்டுவிட்டவையே இவற்றுக்கு மூலம் என்று அறிஞர் கருதுகின்றனர். பின்னர்க் கரீபியக் கடல் முழுவதும் அவை பெருகின. பெண் மீன் ஒன்று ஓராண்டில் இருபது இலட்சம் முட்டை வரை இடவல்லது. அந்நாட்டுச் சிறுமீன்கள் இப்பகையை அறியா. அதனைக் கொன்று தின்னப் பழகிய பெருமீன்களும் போதிய அளவில் இல்லை. பவளப்பாறைகளில் குஞ்சு மீன்கள் அருகின. விட்டவர்களும் இரக்கத்தினாலேயே விட்டிருப்பர். அவ்வளவு தொலைவு போவானேன்? தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய் மீன், சென்னைப் பக்கத்து நீர்நிலைகளில் இன்று வலைக்குத் தொல்லையாக இருக்கிறது.

"நம் கடலில் சிங்கமீன் உண்டே?" என்றான் அவன். உண்டு, ஆனால் இந்த மீன் எந்தக் கடலில் பிறந்தது என்று கடைக்காரரும் அறியார். தொட்டி வாழ்வில் பற்றிய நோய் ஏதேனும் அதனுடன் கடலுக்குச் செல்லவும் கூடும். கொண்டுவந்த குடும்பமே கடைசிவரை காக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

அச்சொல்லைச் சோதிப்பது போல, 2022 திசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. காற்றுக் குழாயும் வடிகட்டியும் ஓய்ந்தன. நன்னீரைவிடக் கடல்நீரில் கரையும் உயிர்வளி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மீன் மந்தமானது, சில மணி நேரம் தாங்கும். வடிகட்டியின் நுண்ணுயிர்கள் தாங்கா. அவை மடிந்தால் நீரே கெடும். எனவே நீண்ட பிடியுள்ள பிளாஸ்டிக் குவளையால் நீரை மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து வடிகட்டியின் பஞ்சின்மேல் மெல்ல ஊற்றினேன். நீர் அதன் வழியே இறங்கித் தொட்டியில் விழும். கால் மணிக்கு ஐம்பது குவளை. என் மனைவி டார்ச் விளக்கைப் பிடித்து, "முதுகு முள் இடப்பக்கம் இருக்கிறது, வலப்பக்கம் மொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நள்ளிரவுக்குப் பின் அவள் மொண்டாள். நான் விளக்குப் பிடித்தேன். வெளியே மரம் முறியும் ஓசை. மறுநாள் நண்பகலில்தான் மின்சாரம் வந்தது.

மூன்று நாள் மீன் ஓட்டைவிட்டு வெளிவரவில்லை. நான்காம் நாள் மாலை குச்சியை அசைத்தேன். துடுப்பு விரிந்தது, இறால் மறைந்தது.

கடல் தெளிய நெடுநாள் ஆயிற்று. மழைக்கு முன்பே இரண்டு பீப்பாய்களில் கடல்நீரை நிரப்பி, வெளிச்சம் படாத அறையில் மூடி வைத்திருந்தேன். அதுவே அக்காலத்தில் உதவிற்று. பொங்கல் கழிந்த பின்னரே மானி பழைய அளவைக் காட்டியது. அன்று எட்டுக் கேன் நீர் கொண்டுவந்து பீப்பாய்களை மீண்டும் நிரப்பினேன்.