ஆம்ப் எங்கே உட்காரும்?

போர்ட் பிளேரில் கார் ஆடியோ மாட்டுபவர் வண்டிக்குள் ஏறியதும் முதலில் தொட்டுப் பார்ப்பது தரைவிரிப்பை. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய இந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஆம்ப்ளிஃபையரை எங்கே வைப்பது என்பதை இங்கே ஈரம்தான் தீர்மானிக்கிறது.

ஜங்லிகாட் பக்கம் நான் போயிருந்த கடைக்கு ஒரு டிசையர் டாக்ஸி வந்தது. ஓட்டுநருக்கு முன்சீட்டின் அடியில் ஆம்ப் வேண்டும். டிக்கியில் லக்கேஜ் இடம் குறையக் கூடாது. நியாயமான ஆசைதான். கடைக்கார அண்ணன் விரிப்பைத் தூக்கி, அடியிலிருந்த ஃபோமை விரலால் அழுத்தினார். தண்ணீர் கசிந்தது. ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்து, உள்ளேயே சொட்டியிருக்கிறது.

"மேல காஞ்ச மாதிரிதான் இருக்கும் தம்பி, கீழ ஊறிப் போயிருக்கு. இங்க வச்சா ஒரு மழைக்குத் தாங்காது."

"அப்ப வூஃபர் பெட்டி மேலயே அடிச்சிருங்கண்ணே."

பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அண்ணன் சம்மதிக்கவில்லை, எனக்கும் அதுவே சரியென்று பட்டது. வூஃபர் அதிரும்போதெல்லாம் ஆம்புக்குள்ளே சால்டர் வைத்த இடங்களும் அதிரும். அந்தமான் டிரங்க் ரோட்டின் குலுக்கல் வேறு. பின் தட்டுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிடுவது அதைவிட மோசம். ஏபி வகை ஆம்ப் முழு வீச்சில் 500 வாட் கொடுக்க 60 ஆம்பியர் வரை இழுக்கும், 300 வாட்டுக்கு மேல் சூடாகவே வெளியேறும். அந்தச் சூடு மேலே போக வழி வேண்டாமா?

கடைசியில் பின்சீட்டின் முதுகுப்புறம், டிக்கிக்குள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இடம் முடிவாயிற்று. ஹீட் சிங்கின் பள்ளங்கள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும் என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். டிரில்லை எடுக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்தார். பேட்டரியிலிருந்து வரும் வயர் இடப்பக்கம், பாட்டுச் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி ஏறும். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், நடுவில் வயர் உரசித் தகட்டைத் தொடும்போது தீயைத் தடுக்க எதுவும் இல்லை.

அதிக நேரம் எடுத்தது எர்த்துக்குத்தான். அரை மீட்டருக்குள் வயர், பெயின்டைச் சுரண்டிய வெறும் தகடு, நட்சத்திர வாஷர், போல்ட். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் பலர் அதோடு விட்டுவிடுவார்கள். இங்கே உப்புக்காற்று சுரண்டிய இடத்தைத் துருவாக்கிவிடும். துருப்பிடித்தால் எர்த் பலவீனமாகி ஆம்ப் தானாக அணைந்துகொள்ளும். முறுக்கி முடித்ததும் போல்ட்டின் மேலும் சுற்றிலும் கெட்டியாக கிரீஸ் பூசினார். பழுதானால் மாற்றுப் பொருள் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டிய ஊரில், இந்தக் கவனம் மிகையல்ல.

"லக்கேஜ் வந்து ஆம்புல இடிக்குமேண்ணே," என்றார் ஓட்டுநர்.

"பலகை வச்சு மூடிராத, காத்து போகணும். சாயங்காலம் வா, கம்பி வலை அடிச்சுத் தர்றேன்."