பாக்கிக் கூலி

எனக்குப் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வீடு போடிநாயக்கனூரில். கையில் பணம் இருந்தும், காய் எடுக்கிற பெண்களின் கூலியில் ஒரு பகுதியைப் பாக்கி வைத்தே பல வருடம் தோட்டம் நடத்தினேன். வீட்டில்கூட இதை ஒப்புக்கொண்டதில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏலக்காய் ஒரே தடவையில் பறித்து முடிக்கிற பயிர் இல்லை. ஆவணியில் தொடங்கினால் தை, மாசி வரை, ஏறக்குறைய நாற்பது நாளுக்கு ஒரு சுற்று எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரத்தில் தரையோடு தரையாகக் காய் பிடிக்கும். ஈரத்தில் குனிந்தும் குத்தவைத்தும் விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். கை பழகியவர்களால்தான் முடியும். சுற்று தப்பினால் காய் பழுத்து வெடித்துவிடும். ஏலத்தில் விலை போகாது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள். பாக்கி நின்றால் போகமாட்டார்கள். அவர்கள் பணத்தை வைத்தே அவர்களைக் கட்டிப்போட்டேன்.

கேட்க ஆளும் இல்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பொதுவாக 5 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டங்களுக்குத்தான் பொருந்தியது. என் தோட்டம் அதைவிடச் சின்னது. என் கணக்கு நோட்டை வெளியாள் யாரும் புரட்டியதே கிடையாது.

2023ஆம் வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன். விடியும் முன்னே போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து தினமும் மேலே வருகிற அக்கா ஒருவர் கடைசியாக வந்து நின்றார்.

"முதலாளி, பாக்கியையும் சேத்துக் குடுத்திருங்க. நாளைக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பிள்ளைககிட்ட சொல்லிட்டேன். விளக்குத்தூண்ல துணி எடுத்துட்டு, கீழவெளி வீதி மாதா கோயிலயும் பாத்துட்டு வந்துருவோம்."

"காய் ஏலத்துக்குப் போயிருக்குக்கா. பணம் இன்னும் வரல. பண்டிகை கழிச்சு வாங்கிக்கங்க" என்றேன்.

பொய். முந்தைய சுற்றுக் காய்க்கு வந்த பணம் வீட்டில் பீரோவில் இருந்தது.

மறுநாள் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு என் குடும்பத்தோடு நான் மதுரை போனேன். போடிக்கு அந்த ஜூனில்தான் ரயில் திரும்ப வந்திருந்தது. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தியதிலிருந்து ஊரே அதற்காகக் காத்துக் கிடந்தது. ஆனால் முன்பதிவில்லாத வண்டி காலையில் மதுரையில் கிளம்பி இங்கே வந்து, சாயங்காலம்தான் திரும்பிப் போகும். போடிக்காரர்கள் காலையில் போய் மதுரையைச் சுற்றிவிட்டு இரவு வீடு திரும்ப அது உதவாது. எங்களுக்குக் கார் இருந்தது. அக்காவுக்குப் பஸ்தான்.

திருமலை நாயக்கர் மஹால் பார்த்தோம். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்து அரை வருடம்கூட ஆகவில்லை; சிறுவர் பகுதியை விட்டுப் பிள்ளைகள் கிளம்ப மறுத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் விளக்குத்தூண் போனோம். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது. பொங்கலுக்கு என்று பெயர் சொல்லித் துணி எடுத்தோம். கல்லாவில் நான் கட்டிய தொகை அக்காவுக்குத் தரவேண்டிய பாக்கியைவிட அதிகம். அது அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் மகளுக்கு இன்னொரு சுடிதாரும் எடுக்கச் சொன்னேன். அப்போது மனசு உறுத்தியது என்று எழுதினால் அது இன்னொரு பொய். சந்தோஷமாகத்தான் வீடு திரும்பினோம்.

பண்டிகை முடிந்து ஜீப் வந்தது. அக்கா எதுவும் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள்தான் சொன்னார்கள்: வார வட்டிக்கு வாங்கிப் போடியிலேயே துணி எடுத்தாராம், மதுரைப் பயணம் நின்றுபோனதாம். அன்றே பாக்கியைக் கொடுத்தேன். வட்டியைக் கொடுக்கவில்லை. ஏலப்பணம் இப்போதுதான் வந்தது என்று மறுபடியும் அதே பொய்யைச் சொல்லித்தான் கொடுத்தேன். அந்தச் சுற்று முடிந்ததும் அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

என் கூலி நோட்டில் இப்போது பாக்கி என்ற பத்தி இல்லை. நடுச்சுற்றில் சிலர் விட்டுப் போனார்கள், கொஞ்சம் காய் வெடித்தது. கூடக் கிடைக்கிற இடத்துக்குப் போவது அவர்கள் உரிமை. அந்த நஷ்டம் என்னுடையது.

மலையில் தோட்டம் வைத்திருக்கிற என் போன்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நோட்டிலும் அந்தப் பத்தி இருக்கும். இந்தச் சனிக்கிழமை ஜீப் கீழே கிளம்புவதற்கு முன்னால் அதைத் தீர்த்துவிடுங்கள்.