கடலுக்கடியில் தேய்மானம்

பி.காம். வகுப்பில் தேய்மானம் என்று ஒரு சங்கதி உண்டு. மெஷின் எத்தனை வருஷம் உழைக்கும் என்று வாங்கும்போதே எழுதிவிட வேண்டும். கடலில் போட்ட அணுக் கழிவு எப்போது கசியும் என்பதற்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். நம்புவீர்களா?

கே-27 என்ற சோவியத் நீர்மூழ்கியில் 1968-ல் அணு உலை கெட்டு ஒன்பது மாலுமிகள் இறந்தார்கள். 1982-ல் உலைப் பகுதியில் தாரை ஊற்றி அடைத்து, எரிபொருளோடு ஆர்க்டிக்கின் காரா கடலில் அமிழ்த்திவிட்டார்கள். ஆழம் சுமார் 30 மீட்டர். நம்ம ஊர் பத்து மாடிக் கட்டடம், அவ்வளவுதான்!

இதில் இரண்டு தேய்மானம். ஒன்று, எஃகுச் சுவர். தடிமனை வருஷ அரிப்பால் வகுக்கிறார்கள். இன்னொன்று, உள்ளே இருக்கும் சீசியம். 30 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். 1968-ல் இருந்தது 1998-ல் பாதி, 2028-ல் கால்வாசி. எது முதலில் தீரும், இரும்பா, சீசியமா? (புளூட்டோனியத்தைச் சேர்க்காதீர்கள். அது பாதியாகவே 24,000 வருஷம்.)

2012-ல் நார்வே, ரஷ்ய விஞ்ஞானிகள் போய்ப் பார்த்தார்கள். சொல்லும்படி கசிவு இல்லை. அப்படியே விட்டுவிடலாமே என்கிறீர்களா? சுவர் ஒரே சீராக அரிக்காது சார். வெல்டிங் வைத்த இடம் முந்திக்கொள்ளும். 2020-ல் ரஷ்யா அதைத் தூக்கப்போவதாக அறிவித்தது. உப்பில் ஊறிய கப்பல் பாதி வழியில் முறிந்தால் இரண்டு கணக்கும் அன்றைக்கே க்ளோஸ். இருந்தாலும் எடுத்துவிடுவதே மேல் என்று எனக்குப் படுகிறது, தார் தாங்கும்போதே.